பெயருக்குக் கொடுக்கும் விலை

தூண், பிரியன்ஸ் என்னும் இரு ஏரிகளுக்கு நடுவே அமைந்த இன்டர்லாக்கன் நகரை யுங்பிராவ் பனிமலையின் வாசல் என உலகம் அறியும். அந்நகரின் விடுதிகளிலும் உணவகச் சமையற்கூடங்களிலும் உழைக்கும் எம்மவரை உல்லாசப் பயணிகள் அறியார். 1980களில் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்த எமது முதல் தலைமுறை இன்று அறுபது வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் குருதிக் கொழுப்பும் அத்தலைமுறையின் நிரந்தர விருந்தாளிகளாகிவிட்டன. மாதந்தோறும் குளிசை வாங்க மருந்தகத்துக்கு, எம்மவர் வழக்கில் அப்பொதேக்கவுக்கு, செல்லாத குடும்பம் அரிது.

அங்கே எம்மவர் பலர் தவறாமல் சொல்லும் வசனம் ஒன்றுண்டு. "எனக்கு ஒறிஜினல் மருந்துதான் வேண்டும், ஜெனெரிக்கா வேண்டாம்" என்பதே அது. நாட்டின் எந்த மூலையிலும் இதனைக் கேட்கலாம். 2024 சனவரி 1ஆம் நாள் முதல் இந்த ஒரு வசனத்தின் விலை இரட்டிப்பாகிவிட்டது என்பது எம்மவர் பலருக்கு இன்னமும் தெரியாது.

சட்டம் கூறுவது இதுதான். ஆண்டுக்கான பிரான்சீஸ் தொகையைச் செலுத்தி முடித்த பின்னரும், மருந்துச் செலவில் 10 விழுக்காட்டை நோயாளியே ஏற்க வேண்டும். அதே மூலக்கூறு கொண்ட மலிவான மருந்து இருக்கும்போது விலைகூடியதைக் கேட்டு வாங்கினால், முன்னர் 20 விழுக்காடு அறவிடப்பட்டது. 2024இல் அது 40 ஆக உயர்த்தப்பட்டது. மூல மருந்து 100 பிராங்க், ஜெனெரிக்கா 60 பிராங்க் என வைத்துக்கொள்வோம். முதலாவதற்கு உங்கள் கையிலிருந்து 40 பிராங்க் போகும். இரண்டாவதற்கு 6 பிராங்க். மாதக் கட்டணத்தைக் குறைப்பதற்காக 2,500 பிராங்க் பிரான்சீஸைத் தெரிவு செய்தவர்களின் நிலை வேறு. அத்தொகையை எட்டும்வரை அவர்கள் முழு விலையையும் தாமே கொடுக்கிறார்கள். எனவே விலை வேறுபாடு முழுவதும் அவர்களின் தலையிலேயே விழுகிறது.

ஜெனெரிக்கா எல்லாமே 10 விழுக்காட்டுக்குள் அடங்கும் என்றும் எண்ணிவிடலாகாது. விலைகூடிய சில ஜெனெரிக்காக்களுக்கும் 40 விழுக்காடு பொருந்தும். மறுபுறம், விலையைக் குறைத்துக்கொண்ட சில மூல மருந்துகளுக்கு 10 விழுக்காடே அறவிடப்படுகிறது. "இதற்கு எத்தனை விழுக்காடு?" என்று மருந்தகத்திலேயே கேட்டுவிடுவது நன்று.

இனி, மலிவான மருந்து மட்டமான மருந்தா என்னும் கேள்விக்கு வருவோம். புதிய மருந்தொன்றைக் கண்டறியும் நிறுவனம் 20 ஆண்டுக் காப்புரிமை பெறுகிறது. அக்காலம் முடிந்ததும் அதே மூலக்கூறைப் பிற நிறுவனங்களும் தயாரிக்கலாம். நோயைக் குணப்படுத்துவது அந்த மூலக்கூறே. நிறம், வடிவம், மாவுப்பொருள், பூச்சு, பெட்டி ஆகியவையே மாறுபடும். சுவிஸ்மெடிக் என்னும் மருந்துக் கண்காணிப்பு நிறுவனத்தின் அனுமதியின்றி இவற்றுள் எதுவும் விற்பனைக்கு வர முடியாது.

"80 விழுக்காடு இருந்தால் போதுமாம், அப்படியானால் 20 விழுக்காடு மருந்து குறைவுதானே" என்று வாதிடுவோர் உளர். இது பாதி கேட்ட செய்தி. தன்னார்வலர்களுக்கு இரு மருந்துகளையும் வெவ்வேறு வேளைகளில் கொடுத்து, குருதியில் அவை எவ்வளவு சேர்கின்றன, எந்த உச்சத்தை எட்டுகின்றன என்று மணிக்கணக்கில் அளக்கிறார்கள். இரண்டின் விகிதம் மட்டுமன்றி, அதன் புள்ளியியல் பிழை எல்லை முழுவதுமே 80க்கும் 125க்கும் இடையில் அடங்க வேண்டும். உண்மையிலேயே 20 விழுக்காடு குறைந்த குளிசை இச்சோதனையில் தேறாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1996 முதல் 2007 வரையிலான 2,070 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடலில் சேரும் அளவில் சராசரி வேறுபாடு 4 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தது.

விலக்குகள் உண்டு, அவற்றை மறைப்பது நேர்மையன்று. வலிப்பு நோய்க்கான மருந்துகள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர் உட்கொள்ளும் மருந்துகள், தைரொயிட் மாத்திரைகள் போன்றவற்றில் சிறு அளவு மாற்றமும் உடலைப் பாதிக்கலாம். இவற்றில் ஒரு தயாரிப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது வைத்தியரின் கண்காணிப்பின்றி நடைபெறக் கூடாது. மருத்துவக் காரணத்தால் மூல மருந்தே தேவை என வைத்தியர் தீர்மானித்தால் 40 விழுக்காடு அறவிடப்பட மாட்டாது.

எம்மவரின் அச்சம் வெறும் அறியாமையால் விளைந்ததன்று. தரமற்ற மருந்தால் உயிர்கள் போன செய்திகளை நாம் கேட்டே வருகிறோம். 2023இல் இலங்கையில் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் ஊசிமருந்து அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட விவகாரத்தில், முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். 2025இல் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். அதில் டைஎதிலீன் கிளைக்கோல் என்னும் நச்சுப்பொருள் கலந்திருந்தது. ஆனால் அம்மருந்து பெயரற்றுக் கிடந்த மருந்தன்று. 'கோல்ட்ரிஃப்' என்னும் வணிகப் பெயருடன்தான் விற்கப்பட்டது. பெட்டியின் மேலிருந்த பெயர் அக்குழந்தைகளைக் காக்கவில்லை. தொழிற்சாலையைச் சோதிக்க வேண்டியவர்கள் சோதித்திருந்தால் காத்திருக்கலாம்.

பெயரை மட்டும் நம்புவதில் இன்னோர் ஆபத்தும் உள்ளது. ஊரிலிருந்து வந்த பனடோலைக் காய்ச்சலுக்கு விழுங்கிவிட்டு, வைத்தியர் தந்த டபால்கானையும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் பரசிற்றமோலே. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 4 கிராம் என்னும் உச்ச எல்லையை இவ்வாறு அறியாமலே கடந்துவிடலாம். ஈரல் அதற்கு விலை கொடுக்கும். குளிசையின் நிறம் மாறியதும் புதியது வேறு மருந்தென எண்ணி, பழையதையும் சேர்த்து எடுக்கும் முதியோரும் உண்டு. பெட்டியில் வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் மூலக்கூறின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். வாசிக்க வேண்டியது அதனையே.

பெயருக்கும் மூலக்கூறுக்கும் இடையிலான இந்த வழக்கு உண்மையிலேயே நீதிமன்றம் ஏறியது. ஏறிய இடம் சென்னை. வழக்காடியது எமது அயல் நகரான பாசலைச் சேர்ந்த நொவார்ட்டிஸ் நிறுவனம். குருதிப் புற்றுநோயின் ஒரு வகைக்கான அதன் கிளிவெக் மருந்துக்குச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 சனவரியில் காப்புரிமை மறுத்தது. அறிந்த பொருளின் புதிய வடிவம் கூடுதல் குணம் தந்தாலன்றிக் காப்புரிமை இல்லை என்னும் இந்தியச் சட்டத்தின் 3(ஈ) பிரிவே அதற்குக் காரணம். அப்பிரிவையே எதிர்த்து நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஓகஸ்ட் 6ஆம் நாள் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. கிளிவெக் மாதமொன்றுக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் அதே இமற்றினிப் சுமார் 10,000 ரூபாய். இந்தியாவில் பெரும்பாலான நோயாளிகளுக்குத் தாம் இலவசமாகவே வழங்குவதாக நிறுவனம் கூறியது. இலவசத்தை வழங்குபவர் விரும்பினால் நிறுத்தலாம் என்பதுதான் எதிர்த்தரப்பின் கவலை. இவ்விடயத்தில் சுவிஸ் மக்கள் அமைப்பான 'பேர்ண் பிரகடனம்' (2016 முதல் 'பப்ளிக் ஐ') பாசலின் பக்கமன்றி நோயாளர் பக்கம் நின்றதை நாம் நன்றியுடன் குறிப்பிட வேண்டும். இன்னொரு வேடிக்கை: ஜெனெரிக்கா தயாரிக்கும் சண்டோஸ், 2023 ஒக்ரோபர் வரை அதே நொவார்ட்டிஸின் பிள்ளைதான்.

இலங்கையில் இச்சிந்தனை அதற்கும் முந்தியது. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. மருந்துகளை அவற்றின் பொதுப்பெயரில் மொத்தமாகக் கொள்வனவு செய்வதே அவர் வகுத்த வழி. 1977இல் கயானாவில் அவர் காலமானார். அரச ஒசுசலவில் மலிவு விலையில் மருந்து வாங்கி வளர்ந்த நாம், சுவிசுக்கு வந்தபின் பெட்டியின் பெயருக்குப் பணம் கட்டுவது விந்தையே.

சுவிஸ் அரசும் குறையற்றதன்று. இங்கு ஜெனெரிக்காவின் விலையே அயல் நாடுகளை விடக் கணிசமாக உயர்வு. விலைகூடிய மருந்தை விற்றால் கூடுதல் இலாபம் என்னும் ஏற்பாடு 2024 யூலையில்தான் திருத்தப்பட்டது. 40 விழுக்காடு என்னும் சுமையை நோயாளியின் மீது ஏற்றியவர்கள், அதனை அவருக்குப் புரியும் மொழியில் விளக்கும் கடமையும் உடையவர்கள். சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கம் சுகாதாரக் கையேட்டைத் தமிழிலும் வெளியிட்டிருக்கிறது. காப்புறுதி நிறுவனங்கள் அனுப்பும் கடிதங்கள் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளுடன் நின்றுவிடுகின்றன. தமிழ் அமைப்புகள் ஒன்றுகூடிக் கேட்க வேண்டிய விடயம் இது. அதுவரை, கடிதத்தை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் பெற்றோரின் மருந்துப் பெட்டிகளை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.

2022இன் பொருளாதார நெருக்கடியின்போது ஊரில் மருந்து கிடைக்காமல், இங்கிருந்து பொதி பொதியாக அனுப்பினோம். அப்பழக்கம் இன்னும் தொடர்கிறது. சுவிஸ் குளிசை முடிந்ததும் பருத்தித்துறையிலுள்ள தாய் வெறும் பெட்டியுடன் மருந்துக்கடைக்குப் போகிறார். அங்கே அந்த வணிகப் பெயர் எவருக்கும் தெரியாது. அனுப்புபவர்கள் பெட்டியின் மேல் மூலக்கூறின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினால் போதும். மெற்போமின் 500 என்றால் பருத்தித்துறையிலும் மெற்போமின் 500தான்.