வாயைத் திற ராஜா!

குதிரை ஓட்டணும்னு ஆசையா பாஸ்? முதல்ல அதோட வாய்க்குள்ள எட்டிப் பாருங்க. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவுல வெறும் ஈறு. கடிவாள இரும்பு உட்கார்ற இடம் அதுதான். ஈறுக்கு அடியில உடனே எலும்பு. நம்ம ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ்தான்... பரப்பு குறைஞ்சா அழுத்தம் கூடும். இரும்பு ரொம்ப மெல்லிசுன்னா வாயை அறுக்கும். ரொம்பத் தடின்னா நாக்குக்கு இடமில்லை.

புதுக் குதிரைன்னா கால்நடை டாக்டர்கிட்ட பல்லைக் காட்டுங்க (உங்க பல்லை இல்ல!). சிலதுக்கு கடைவாய்ப் பல்லுக்கு முன்னால ஒரு குட்டிப் பல் முளைச்சிருக்கும். அதுல இரும்பு இடிச்சா வலிக்கும். அப்புறம், இரும்பைக் கையில பிடிச்சு சூடாக்கி, லேசா வெல்லப்பாகு தடவுங்க. பல்லுல இடிச்சுத் திணிக்காதீங்க. பல் இல்லாத அந்த ஓரத்துல கட்டை விரலை விட்டா வாய் திறக்கும். கிரேக்கத் தளபதி ஸெனஃபோன் 2,300 வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வெச்ச டெக்னிக் இது!

முதல் சில நாள் வார் எதையும் இழுக்காம, பத்து நிமிஷம் சும்மா மென்னுகிட்டு நிக்கட்டும். கழட்டும்போதுதான் நிறைய பேர் சொதப்புறாங்க. அதுவா இரும்பை விடுற வரைக்கும் காத்திருக்கணும். அவசரப்பட்டு இழுத்தா பல்லுல 'டங்'! மறுநாள் கடிவாளத்தைப் பார்த்ததுமே தலை மேல போயிடும். உடனே 'திமிரு'ன்னு சாட்டையைத் தேடாதீங்க. மறுபடியும் அந்த வாயைத் திறந்து பாருங்க.