பழைய ஜீப் ஹீட்டருக்கு 40,000 ரூபாயா? முதல்ல அந்த ரெண்டு ஹோஸைத் தொட்டுப் பாருங்க



சம்பளம் வர ஆரம்பிச்சு ரெண்டு மூணு வருஷம் ஆச்சுன்னா நம்மள்ல நிறைய பேருக்கு ஒரு ஆசை வரும். செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஜீப். 2010-ல் வந்து 2020 வரைக்கும் ஓடின முதல் தலைமுறை மஹிந்திரா தார், இல்லன்னா 1985-ல் அறிமுகமான மாருதி ஜிப்ஸி. இந்த வண்டியை வாங்கலாமா வேண்டாமாங்கிறது தனிக் கதை. இன்னைக்கு நான் பேசப்போறது வாங்கிட்டவங்களுக்கு.

டிசம்பர் வந்தாச்சு, ஊட்டி பிளான் போட்டாச்சு, ஹீட்டர் நாபைத் திருப்பினா பச்சத் தண்ணி மாதிரி காத்து வருது. உடனே ரெண்டு பக்கமிருந்தும் அட்வைஸ் வரும். ஒருத்தர், "கோயம்புத்தூர் வெயிலுக்கு ஹீட்டர் எதுக்குப்பா, அப்படியே விடு" என்பார். இன்னொருத்தர், "பழசைத் தூக்கிப் போட்டுட்டு புதுசா டீசல் ஹீட்டர் ஒண்ணு மாட்டிடு, 40,000-க்குள்ள முடிஞ்சிடும், இஎம்ஐ-ல போட்டுக்கலாம்" என்பார்.

என்னைக் கேட்டா ரெண்டு பேரும் உங்க பணத்துக்கு வேட்டு வைக்கிறாங்க. ஹீட்டரை ரிப்பேர் பண்றது கட்டாயம். அப்கிரேடு நம்மள்ல பெரும்பாலானவங்களுக்குத் தேவையே இல்ல. ஏன்னு கணக்கோட சொல்றேன்.

ஹீட்டர் சொகுசுப் பொருள் இல்ல

வண்டி ஹீட்டர் தனியா ஒரு மெஷின் கிடையாது. இன்ஜின் எரிக்கிற எரிபொருளோட சக்தியில் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு, கூலன்ட் வழியா வெறும் சூடாத்தான் வெளியே போகுது. அந்தச் சூடான கூலன்ட்ல கொஞ்சத்தை டேஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கிற ஒரு குட்டி ரேடியேட்டருக்குத் திருப்பி விடுவாங்க. அதுதான் ஹீட்டர் கோர். அதன் மேல ப்ளோயர் காத்தை அடிக்கும், உள்ள வெதுவெதுன்னு வரும். வீணாப் போற சூட்டைத்தான் நாம பயன்படுத்துறோம், தனியா டீசல் செலவு இல்ல.

இதோட முக்கிய வேலை கை கால் குளிர் காய வைக்கிறது கூட இல்ல. முன் கண்ணாடியில் படியுற பனிமூட்டத்தை விரட்டுறதுதான். மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ஏறும்போது வெளியே மழை, உள்ளே நாலு பேர் மூச்சு விடுறாங்க. ரெண்டு வளைவு தாண்டுறதுக்குள்ள கண்ணாடி வெள்ளையா மறைஞ்சிடும். ஒரு கையில ஸ்டியரிங், இன்னொரு கையில துணி வெச்சு துடைச்சுக்கிட்டே மலைப்பாதையில ஓட்டுறதை சிக்கனம்னு சொல்ல முடியாது. அதனால "வெயில் ஊர்ல ஹீட்டர் எதுக்கு"ங்கிற வாதம் மலை ஏறாத வண்டிக்குத்தான் பொருந்தும்.

ஹீட்டர் காட்டிக் கொடுக்கிற பெரிய செலவு

நம்ம ஊர்ல இன்னொரு பழக்கம் இருக்கு. இன்ஜின் சூடாகுதுன்னு சொன்னா, சில இடங்கள்ல தெர்மோஸ்டாட்டையே கழட்டிட்டு வண்டியைக் கொடுத்துடுவாங்க. இன்ஜின் வேலை செய்யத் தேவையான சூட்டுக்கு வர்ற வரைக்கும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போக விடாம பிடிச்சு வைக்கிறதுதான் அந்தப் பாகத்தோட வேலை. அது இல்லன்னா இன்ஜின் எப்பவும் பாதிச் சூட்டிலேயே ஓடும். ஹீட்டர் வேலை செய்யாது, எரிபொருள் கூடுதலா குடிக்கும், இன்ஜின் தேய்மானமும் அதிகமாகும்.

கணக்குக்காக ஒரு எண் எடுத்துக்குவோம். மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுறீங்க. மைலேஜ் 12-ல இருந்து 11-க்கு இறங்கிடுச்சு. மாசத்துக்கு ஏழரை லிட்டர் கூடுதல். லிட்டர் 95 ரூபாய்னு வெச்சா மாசம் சுமார் 720, வருஷம் சுமார் 8,600 ரூபாய். ஒரு சின்னப் பாகம் இல்லாததுக்காக, உங்களுக்கே தெரியாம ஒரு எஸ்ஐபி அளவு பணம் டேங்க்ல கரையுது. ஹீட்டர் குளிர்ந்து கிடக்கிறதை அசட்டை பண்ணக் கூடாதுன்னு நான் சொல்றது இதுக்காகத்தான்.

அதே மாதிரி உள்ளே இனிப்பா ஒரு வாசனை, கண்ணாடியில் பிசுபிசுன்னு ஒரு படலம், முன் சீட்டுக் கால்மிதி ஈரம். இந்த மூணும் ஹீட்டர் கோர் கசியுதுன்னு அர்த்தம். கசிவு தொடர்ந்தா கூலன்ட் குறையும், இன்ஜின் ஓவர்ஹீட் ஆகும், ஹெட் கேஸ்கெட் வரைக்கும் போகும். அங்க போயிட்டா பில்லோட கனமே வேற.

காசு கொடுக்கும் முன்னாடி, கை வைச்சுப் பாருங்க

இன்ஜின் 15 நிமிஷம் ஓடி சூடான பிறகு, ஹீட்டரை முழுசா திறந்து வெச்சுட்டு, இன்ஜினை அணைச்சுட்டு பானெட்டைத் திறங்க. ஃபேன் நிற்கட்டும். ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடவே தொடாதீங்க, சூட்டில் திறந்தா கொதிக்கிற கூலன்ட் முகத்துல அடிக்கும். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகட்டுக்குள்ள ரெண்டு ரப்பர் ஹோஸ் போகும். அதை லேசா, கவனமா தொட்டுப் பாருங்க.

1. ரெண்டுமே வெதுவெதுப்புதான், டெம்பரேச்சர் முள்ளும் கீழேயே இருக்கு: தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கிட்டிருக்கு, இல்ல யாரோ கழட்டியிருக்காங்க. முதல்ல கூலன்ட் அளவையும் பார்த்துடுங்க.

2. ஒண்ணு சுடுது, இன்னொண்ணு ஆறிக் கிடக்கு: கூலன்ட் உள்ளே சுத்தல. ஹீட்டர் வால்வு மூடியிருக்கலாம், கோர் அடைச்சிருக்கலாம், இல்ல உள்ளே காத்து மாட்டியிருக்கலாம்.

3. ரெண்டுமே நல்லா சுடுது, ஆனா உள்ளே குளிர் காத்துதான்: கோர்ல பிரச்சினை இல்ல. காத்தைத் திருப்புற மடலோ அதை இழுக்கிற கேபிளோ விட்டுப் போயிருக்கு.

4. ப்ளோயர் கடைசி வேகத்துல மட்டும் ஓடுது, மத்த வேகத்துல இல்ல: பெரும்பாலும் ப்ளோயர் ரெசிஸ்டர் போயிருக்கும். மோட்டாரை மாத்தச் சொன்னா, "ரெசிஸ்டரை செக் பண்ணீங்களா அண்ணா?"ன்னு கேளுங்க.

இந்த நாலுல எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு ஒர்க்‌ஷாப் போறவருக்கும், "ஹீட்டர் வேலை செய்யல, பாருங்க"ன்னு சாவியைக் கொடுக்கிறவருக்கும் பில்லில் நிறைய வித்தியாசம் வரும். உடம்புக்கு மருந்து எழுதும் முன்னாடி டெஸ்ட் எடுக்கிற மாதிரிதான் இதுவும்.

கோர் அடைச்சிருந்தா உடனே புதுசு வாங்க வேண்டாம். சமவெளியில் நிறைய பேர் கூலன்ட்டுக்குப் பதிலா குழாய்த் தண்ணி ஊத்தியே பல வருஷம் ஓட்டுறாங்க. துருவும் உப்புப் படிவும் சேர்ந்து கோரை அடைக்குது. ரெண்டு ஹோஸையும் கழட்டி, குறைஞ்ச அழுத்தத்துல தண்ணி விட்டு, முதல்ல எதிர்த்திசையில், அப்புறம் நேர்த்திசையில் கழுவினா பல சமயம் சரியாகிடும். அழுத்தம் அதிகமானா பழைய கோர் வெடிச்சுடும், அதுல மட்டும் கவனம். கழுவின பிறகு சரியான கூலன்ட் ஊத்தணும். எத்திலீன் கிளைகோலும் தண்ணியும் சரிபாதி கலந்தா சுமார் மைனஸ் 37 டிகிரி வரைக்கும் உறையாது. லடாக் கனவு இருக்கிறவங்க இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க. லே-வில் ஜனவரி ராத்திரிகள் மைனஸ் 10-க்கும் கீழே போகும். வெறும் தண்ணி ஊத்தின வண்டியை அங்க ராத்திரி நிறுத்தினா, உறைஞ்ச தண்ணி விரிஞ்சு இன்ஜின் பிளாக்கையே பிளந்துடலாம். பழைய கூலன்ட்டைத் தரையில கொட்டி வைக்காதீங்க. அது விஷம், இனிப்பா வேற இருக்கும், தெரு நாய் குடிச்சா செத்துப் போகும்.

அப்கிரேடு: யாருக்கு, எப்போ?

இப்போ அந்த 40,000 ரூபாய்க்கு வருவோம். இது உதாரண எண்தான், உங்க கொட்டேஷனை நீங்க போட்டுக்கோங்க.

வருஷத்துக்கு 6 குளிர் ராத்திரி மலையில இருப்பீங்கன்னு வைங்க. 5 வருஷத்துல 30 ராத்திரி. 40,000-ஐ 30-ஆல வகுத்தா ஒரு ராத்திரிக்கு 1,333 ரூபாய். அதே பழைய ஹீட்டரை 6,000 ரூபாயில் சரி பண்ணினா ஒரு ராத்திரிக்கு 200. அந்த 1,133 ரூபாய் வித்தியாசத்துக்கு என்ன கிடைக்குதுன்னு உங்களையே கேட்டுப் பாருங்க.

இதையே 14% வட்டியில் 24 மாச பர்சனல் லோனா எடுத்தா இஎம்ஐ சுமார் 1,920. மொத்தம் கட்டுறது சுமார் 46,100. வட்டி மட்டுமே 6,100 ரூபாய் வருது. அதாவது நீங்க கட்டுற வட்டிக்கே பழைய ஹீட்டர் ரிப்பேர் ஆகியிருக்கும்! கிரெடிட் கார்டுல போட்டு மினிமம் மட்டும் கட்டினா இன்னும் மோசம். மாசம் 3.5%னா வருஷத்துக்கு 42%.

டீசல் ஹீட்டர் கெட்ட பொருள் இல்ல. இன்ஜினை அணைச்சுட்டு வண்டியிலேயே தூங்குறவங்களுக்கு, ஸ்பிதி பக்கம் வாரக்கணக்கா சுத்துறவங்களுக்கு அது நியாயமான செலவு. 2 கிலோவாட் ஹீட்டர் முழு வேகத்துல மணிக்கு சுமார் கால் லிட்டர் டீசல்தான் எரிக்கும். ஆனா அதன் புகைக்குழாய் கண்டிப்பா வண்டிக்கு வெளியே போகணும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்துலேயே உயிரைக் கொண்டு போயிடும். பழைய வண்டியில் தகட்டு ஓட்டைகளும் எக்சாஸ்ட் கசிவும் சகஜம் என்பதால, இன்ஜினை ஓட விட்டுட்டு தூங்குறதும் அதே ஆபத்துதான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டுல சொருகுற குட்டி ஹீட்டரையும் மறந்துடுங்க. 12 வோல்ட், 12 ஆம்பியர்னா 144 வாட். கேன்வாஸ் கூரை போட்ட ஜீப்புல அது மெழுகுவத்தி ஏத்தின மாதிரி.

கம்பெனியில் வராத எலக்ட்ரிக்கல் சாமான்களை இன்சூரன்ஸ்ல அறிவிச்சு கூடுதல் பிரீமியம் கட்டலன்னா, அதுக்கு கிளெய்ம் கேட்க முடியாது. தேய்மானத்துக்கும் சாதாரண மெக்கானிக்கல் பழுதுக்கும் எப்படியும் பாலிசி பணம் தராது. வண்டி 15 வருஷத்தைத் தொடப் போகுதுன்னா மறுபதிவுச் செலவும் காத்திருக்கு. 2022 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு கார்களுக்கான அந்தக் கட்டணத்தை 600 ரூபாயில் இருந்து 5,000 ஆக உயர்த்தியது. அதையும் சேர்த்துத்தான் திட்டம் போடணும்.

ஒரே ஒரு சமயத்துல மட்டும் அப்கிரேடுக்கு நான் ஓகே சொல்வேன். கோர் கசிஞ்சு டேஷ்போர்டைக் கழட்டியே ஆகணும்னு ஆயிட்டா. பல வண்டிகள்ல இந்த வேலையில் பாகத்தோட விலையைவிட கூலிதான் அதிகம். டேஷ்போர்டு இறங்கின அன்னிக்கே கோர், ஹோஸ், கிளாம்ப், மடலோட ஃபோம், ரெசிஸ்டர் எல்லாத்தையும் மாத்திடுங்க. ப்ளோயர் மோட்டார் சத்தம் போட்டா அதையும், முடிஞ்சா கொஞ்சம் நல்ல ரகமா போட்டுடுங்க. கூலி ஒரு தடவைதான். அதோட கதவு ரப்பரையும் தகட்டு ஓட்டைகளையும் அடைங்க. உள்ள வர்ற சூடு வெளிய ஓடிப் போகாம பிடிச்சு வைக்கிறதுதான் இருக்கிறதுலேயே மலிவான அப்கிரேடு.

"ரெண்டு ஹோஸையும் ஒரு பைப் வெச்சு இணைச்சு, கோரையே தவிர்த்துடலாம்"னு மெக்கானிக் சொல்லலாம். அவசரத்துக்கு, இன்ஜினைக் காப்பாத்த அது சரியான வேலை. சமவெளியில் மட்டும் ஓடுற வண்டிக்கு அப்படியே விட்டாலும் குத்தம் இல்ல. மலை ஏறப் போறீங்கன்னா அது தற்காலிகம்தான்.

பழைய வண்டிக்குன்னு ஒரு தனி டப்பா

பழைய ஜீப் வெச்சிருக்கிறவங்க எமர்ஜென்சி ஃபண்டைத் தொடக் கூடாது. அது வேலை போனா, வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லன்னா எடுக்க. வண்டிக்குன்னு தனியா மாசம் 2,000 ரூபாய் ஒரு ஆர்டி போடுங்க. வருஷத்துக்கு 24,000. தெர்மோஸ்டாட், கூலன்ட், ஹோஸ் எல்லாம் அதுல இருந்து போகட்டும். அந்த 2,000 எடுத்து வைக்க முடியலன்னா, உங்க சம்பளத்துக்கு இந்த வண்டி இப்போதைக்குக் கொஞ்சம் பெருசுன்னு அர்த்தம். இது சொல்லக் கசப்பாத்தான் இருக்கு, ஆனா கடன்ல ஹீட்டர் மாட்டினா அந்தக் கசப்பு ரெண்டு வருஷம் நீளும்.

டப்பாவுல பணம் சேர்ந்து, ரிப்பேர் எல்லாம் முடிஞ்சு, நாலு குளிர்கால டிரிப் போயிட்டு வந்த பிறகும் "பத்தல"ன்னு தோணுச்சுன்னா, அப்போ ரொக்கமா கொடுத்து அப்கிரேடு பண்ணுங்க. அது வரைக்கும் நல்லதா ஒரு ஸ்வெட்டர் போதும்.

இந்த வாரக் கடைசியில் பானெட்டைத் திறந்து அந்த ரெண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்துட்டு, நாலுல உங்களுது எதுன்னு நம்ம சேனல்ல சொல்லுங்க. கொட்டேஷன் வாங்கியிருந்தா அதையும் போடுங்க, அடுத்த வீடியோவுல சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.