போன் அடிச்சா எடுக்க பயமா இருக்கு

இந்த வாரம் சிறுகீரைப் பாத்தியில வர்ற வெள்ளைப் புள்ளி நோய் பத்தி எழுதுறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த பதிவு. இப்ப மனசுல வேற ஒண்ணு கெடக்கு, அதை எழுதிட்டாத்தான் தூக்கம் வரும்.

நம்ம செவலை மாடு கன்னு போட்டுச்சு. தலை ஈத்து. கன்னு பிழைக்கல.

ராத்திரி மூணரை மணிக்கு பனிக்குடம் உடைஞ்சுது. கொஞ்ச நேரத்துல கன்னோட ஒரு கால் மட்டும் வெளிய தெரியுது, இன்னொரு காலைக் காணோம். இருபத்தஞ்சு வருசமா மாடு வெச்சிருக்கேன், இது நம்ம கைக்கு அடங்காதுன்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. வழக்கமா வர்ற மாட்டு டாக்டருக்கு போன் போட்டேன். பாவம், அந்த நேரத்துக்கும் எடுத்தார். "வந்துக்கினே இருக்கேன், மாட்டை நடக்க வெய்யி"ன்னார். நான் கொட்டகையில வெந்நீரும் துணியுமா நிக்கிறேன். அரை மணி ஆச்சு, முக்கால் மணி ஆச்சு, ஆளைக் காணோம். திருப்பி அடிச்சா சுவிட்ச் ஆஃப்.

அப்புறமாத்தான் விஷயம் தெரிஞ்சுது. ரோடு வேலைக்காக எங்க தெருவுக்கு வர்ற வழியை தட்டி வெச்சு அடைச்சிருந்தாங்க. மாத்து வழி அவருக்குத் தெரியல. அவர் போன்ல சார்ஜ் இல்ல. டீக்கடை திறந்துக்கிட்டிருந்த ஒருத்தர்கிட்ட போனை வாங்கி எனக்கு நாலு தடவை அடிச்சிருக்கார். நாலு தடவையும் என் போன் மணி அடிக்கவே இல்ல.

ஏன் அடிக்கலன்னா, நான்தான் அடிக்க வேணாம்னு வெச்சிருந்தேன். பேர் பதியாத நம்பர் எதுல இருந்து வந்தாலும் சத்தம் வராத மாதிரி ரெண்டு மாசத்துக்கு முன்னாடி அண்ணன் மகன் செட்டிங் போட்டுக் குடுத்தான். "நிம்மதியா இரு சித்தப்பா"ன்னான். நிம்மதியாத்தான் இருந்தேன்.

டாக்டர் வந்து சேர்ந்தப்ப மணி அஞ்சு. மாட்டைக் காப்பாத்திட்டார். கன்னு கிடேரிக் கன்னு. அதுக்கு மேல எழுத முடியல.

இதுல யார் மேலயும் குத்தம் சொல்ல மாட்டேன். டாக்டர் மேல இல்லவே இல்ல. ஆனா அந்த செட்டிங்கை நான் ஏன் போட்டேன்னு யோசிக்க யோசிக்க எரிச்சல் வருது.

காலையில ஒன்பதரைக்கு ஆரம்பிக்கும். "சார், உங்களுக்கு ஆறு லட்சம் பர்சனல் லோன் அப்ரூவ் ஆயிருக்கு சார்." நான் கேக்கவே இல்லையே தாயி! அடுத்தது கிரெடிட் கார்டு. அப்புறம் ஷேர் மார்க்கெட்டுல டிப்ஸ். இதெல்லாம்கூட பரவாயில்ல. ஒரு தம்பி வாரத்துக்கு ரெண்டு தடவை கூப்பிடுவான், "செங்குன்றம் தாண்டி சி.எம்.டி.ஏ. அப்ரூவ்டு பிளாட் சார், சைட் விசிட்டுக்கு நாங்களே கார் அனுப்புறோம்." அந்த இடம் எதுன்னு ஒருநாள் பொறுமையா கேட்டேன். எங்க மாமனார் வழியில நெல் போட்ட நிலத்துக்குப் பக்கத்து நிலம். நாத்து நட்டுட்டு அந்த வரப்புல உக்காந்து நான் கஞ்சி குடிச்சிருக்கேன். அதை எனக்கே சதுர அடி கணக்குல விக்கிறான்.

பால் கறக்குறப்ப போன் வந்தா மாடு மிரளும், பாலை அடக்கிக்கும். கீரை கட்டுறப்ப வந்தா சேத்துக் கையோட எடுக்கணும். எடுக்காம விடவும் முடியாது, பால் கேக்குற புது வீடா இருக்கலாம். எடுத்தா லோன். ரெண்டு நிமிசம்தானேன்னு சொல்றவங்க ஒருநாள் எங்க கொட்டகையில வந்து நிக்கட்டும்.

"டி.என்.டி. போடலையா?"ன்னு கேப்பீங்க. போட்டேன். 1909க்கு அடிச்சு, எதுவுமே வேணாம்னு முழுசா நிறுத்தச் சொல்லிட்டேன். தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை: போனாவும் அடிக்கலாம், மெசேஜாவும் அனுப்பலாம், காசு கிடையாது. எல்லாத்தையும் நிறுத்தலாம், இல்லன்னா பேங்க் லோன், வீடு-மனை, படிப்பு, ஆஸ்பத்திரின்னு பிரிச்சு, வேண்டியதை மட்டும் வரவிடலாம். ஓ.டி.பி.யும் பேங்க் கணக்கு மெசேஜும் நிக்காது, அந்தப் பயம் வேணாம்.

இது இன்னைக்கு நேத்து வந்த ஏற்பாடு இல்ல. டிராய் 2007லயே 'கூப்பிடாதே' பட்டியல் ஒண்ணு கொண்டுவந்துச்சு. அது சரியா வேலை செய்யலன்னு புது விதி போட்டு 2011 செப்டம்பர் 27லருந்து கடுமையாக்கினாங்க. ராத்திரி 9 மணியிலருந்து காலை 9 மணி வரைக்கும் விளம்பர போன் கூடாதுன்னாங்க. 2018ல இன்னொரு விதி. இப்ப விளம்பர போனுக்கு 140ன்னு ஆரம்பிக்கிற நம்பர், பேங்க் மாதிரி இடத்துலருந்து கணக்கு விஷயமா வர்ற போனுக்கு 1600ன்னு ஆரம்பிக்கிற நம்பர்னு இருக்கு.

நான் டி.என்.டி. போட்டதும் 140 நம்பர்ங்க அடங்கிடுச்சு. ஒழுங்கா பதிவு பண்ணி தொழில் பண்றவன் சட்டத்துக்குப் பயந்து நிறுத்திட்டான். பதிவே பண்ணாம சாதா பத்து இலக்க சிம்முல இருந்து கூப்பிடுறவன் நிறுத்தல. நம்ம வாசல்ல 'உள்ளே வராதே'ன்னு போர்டு மாட்டினா, படிச்சவன் திரும்பிப் போவான், சுவரேறிக் குதிக்கிறவன் போர்டைப் படிக்கவே மாட்டான். 2024 ஆகஸ்ட்ல டிராய் இந்த பதிவில்லாத ஆளுங்களோட லைன் எல்லாத்தையும் வெட்டச் சொல்லி கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டுச்சு. கொஞ்ச நாள்லயே 2.75 லட்சத்துக்கு மேல இணைப்பு துண்டிச்சாச்சுன்னு செய்தி வந்துச்சு. அத்தனை போயும் எனக்கு அந்த பிளாட் தம்பி வந்துக்கிட்டேதான் இருந்தான்.

நம்மகிட்டயும் தப்பு இருக்கு, மறைக்கக் கூடாது. பொருட்காட்சியில தங்கக்காசு குலுக்கல்னு ஒரு டப்பா வெச்சிருந்தாங்க. பேரும் நம்பரும் எழுதிப் போட்டேன். வீட்டம்மா பேர்லயும் ஒண்ணு. அந்தச் சீட்டோட அடியில பொடி எழுத்துல என்ன இருந்துச்சுன்னு யார் படிச்சா? 'கூப்பிடலாம்'னு நாமளே சம்மதம் குடுத்துட்டா அந்தக் கம்பெனிக்கு டி.என்.டி. தடையில்ல.

இப்ப இன்னொரு பக்கம். எங்க பெரியண்ணன் பொண்ணு அம்பத்தூர்ல ஒரு ஆபீசுல இதே வேலைதான் பார்த்துச்சு, ஒண்ணரை வருசம். கன்னு செத்த அன்னைக்கு வீட்டுக்கு வந்திருந்துச்சு. நான் கோவத்துல, "இந்த போன் பண்றதுங்களையெல்லாம் புடிச்சு உள்ள போடணும்"னு கத்திட்டேன். அது அமைதியா இருந்துட்டு அப்புறம் சொல்லுச்சு: "சித்தப்பா, நம்பரை நாங்க எடுக்கல. காலையில போனா லிஸ்ட் இருக்கும். ஒரு நாளைக்கு 200 கால் அடிக்கணும். அதுல நூத்தம்பது பேர் திட்டுவாங்க. அம்மாவை இழுத்துத் திட்டுவாங்க. அதுக்கும் நாங்க 'தேங்க்யூ சார், ஹேவ் எ நைஸ் டே'ன்னு சொல்லணும், கால் ரெக்கார்டு ஆகும். டார்கெட் வரலன்னா இன்சென்டிவ் இல்ல. எல்லாரும் டி.என்.டி. போட்டுட்டா எங்க வேலை என்னாவும்?"

எனக்கு வாய் அடைச்சுப்போச்சு. அந்தச் சம்பளத்துலதான் அண்ணனோட ஆபரேஷன் கடன் அடைஞ்சுதுன்னு எனக்கும் தெரியும்.

அது இன்னொண்ணும் கேட்டுச்சு. "நீங்க மட்டும் என்ன சித்தப்பா, விடியக்காலையில தெருத்தெருவா 'கீரே... கீரே'ன்னு கத்திக்கினு போறீங்களே, யார் கேட்டாங்க?"

நியாயமான கேள்வி. ரெண்டு நாள் அதையே யோசிச்சேன். நானும் விக்கிறவன்தான். வாங்குறவன் காதுல போய்ச் சேரலன்னா எதுவும் விக்காது. விளம்பரமே கூடாதுன்னு சட்டம் போட்டா முதல்ல சாவுறது என்னை மாதிரி ஆளுதான். பெரிய கம்பெனிக்கு டி.வி. இருக்கு, பேனர் இருக்கு. எனக்குத் தொண்டை மட்டும்தான் இருக்கு.

தடையைக் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டா என்னாகும்ங்கறதுக்கு நம்ம நாட்டுலயே உதாரணம் இருக்கு. 2011 விதி வந்தப்ப ஒரு சிம்முல இருந்து ஒரு நாளைக்கு 100 எஸ்.எம்.எஸ்.தான்னு வரம்பு கட்டினாங்க. அப்புறம் 200ன்னு உசத்தினாங்க. விளம்பரக்காரனைப் பிடிக்க வீசின வலையில பொங்கல் வாழ்த்து அனுப்புறவனும் மாட்டினான். 2012ல டெல்லி ஹைகோர்ட் அந்த வரம்பு சொந்த மெசேஜுக்குச் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. சரியான தீர்ப்புன்னுதான் நினைக்கிறேன். சங்கமோ சிறு கடைக்காரனோ நாலு பேருக்குச் சேதி சொல்றதை எண்ணிப் பார்த்து நிறுத்தக் கூடாது.

ஆனா டி.என்.டி. அந்த மாதிரித் தடை இல்ல. யாரும் பேசக் கூடாதுன்னு சர்க்கார் சொல்லல. எனக்கு வேணாம்னு நான் சொல்றேன், அவ்வளவுதான். அமெரிக்காவுலயும் 2003ல இதே மாதிரிப் பட்டியல் வந்தப்ப, எங்க பேச்சுரிமை போச்சுன்னு போன் விளம்பரக் கம்பெனிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. தர்ம ஸ்தாபனம் மட்டும் கூப்பிடலாம், நாங்க கூடாதாங்கறது அவங்க வாதம். கீழ்க்கோர்ட்டு ஒண்ணு அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. 2004 பிப்ரவரியில மேல்கோர்ட்டு அதை மாத்திடுச்சு. தடுக்கறது அரசாங்கம் இல்ல, வீட்டுக்காரனே தன் வீட்டுக்கு வேணாம்னு சொல்றான், அதுக்கு அவனுக்கு உரிமை உண்டுங்கற மாதிரி போச்சு அந்தத் தீர்ப்பு.

அண்ணன் பொண்ணுக்கு என் பதிலும் அதுதான். நான் தெருவுல கத்துறேன். வேணாம்னா கதவைத் திறக்க மாட்டாங்க, நான் அடுத்த வீட்டுக்குப் போயிடுவேன். மூணாவது தெருவுல ஒரு வீட்டுல கைக்குழந்தை இருக்கு, "இங்க கத்தாதீங்கண்ணா"ன்னு அந்தம்மா சொல்லிச்சு. அந்த வீட்டைத் தாண்டுற வரைக்கும் வாயை மூடிக்கிட்டுத்தான் போறேன். அந்தம்மாவுக்கு என் முகம் தெரியும், பேர் தெரியும், கீரையில பூச்சி இருந்தா மறுநாள் என்னை நிறுத்திக் கேக்கும். போன்ல கூப்பிடுறவன் கொட்டகைக்குள்ளயே வந்து நிக்கிறான், முகமில்லாம. போகச் சொன்னா வேற நம்பர்ல திரும்பி வர்றான்.

வேலை போயிடுமேங்கறதுக்கு என்கிட்ட சுத்தமான பதில் இல்ல. வேணாம்னு ஏற்கெனவே சொன்னவனைக் கூப்பிட்டுத் திட்டு வாங்குறதுல அந்தப் பொண்ணுக்கும் லாபமில்ல, கம்பெனிக்கும் யாவாரம் ஆகாது. லிஸ்ட்ல இருந்து அந்த நம்பரை எடுக்கறது மொதலாளியோட வேலை. எடுக்காம அவளைத் திட்டு வாங்க விடுறாரு பாருங்க, அவரைத்தான் நான் கேக்கணும். அவர் நம்பர்தான் என்கிட்ட இல்ல.

என்னைப் பொறுத்தவரை விதியில இருக்கிற அநியாயம் வேற. வேணாங்கறவன் ஏன் பதிவு பண்ணணும்? வேணும்ங்கறவன் பதிவு பண்ணட்டுமே. எங்க தெருவுல அறுபது தாண்டின பொம்பளைங்க எத்தனை பேருக்கு 1909 தெரியும்? பக்கத்து வீட்டு ஆயா பட்டன் போன் வெச்சிருக்கு, எந்த போன் வந்தாலும் பேரன்தான்னு நெனச்சு ஓடிவந்து எடுக்கும். அது கேக்காமலே அதுக்கு அமைதி கிடைக்கணும்.

2025 பிப்ரவரியில வந்த திருத்தம் இந்தப் பக்கமா ஒரு அடி எடுத்து வெச்சிருக்கு. டி.என்.டி. பதிவு பண்ணாதவங்களும் இப்ப, பதிவில்லாத ஆளு கூப்பிட்டா புகார் குடுக்கலாம். முன்னே 3 நாளுக்குள்ள புகார் சொல்லணும், இப்ப 7 நாள் வரைக்கும் சொல்லலாம். கம்பெனி நடவடிக்கை எடுக்க 30 நாள் இருந்ததை 5 நாளா குறைச்சிருக்காங்க. பத்து நாள்ல அஞ்சு பேர் ஒரு நம்பர் மேல புகார் குடுத்தாலே அந்த ஆளு மேல நடவடிக்கை. முதல் தடவை 15 நாள் அவன் வெளிய பேச முடியாது, திரும்பப் பண்ணினா ஒரு வருசம் எந்தக் கம்பெனியிலயும் லைன் கிடையாது. அஞ்சு பேர்ங்க! நம்ம தெரு டீக்கடை பெஞ்சுலயே அஞ்சு பேர் உக்காந்திருக்கோம், எல்லாருக்கும் அதே பிளாட் தம்பிதான் கூப்பிடுறான். திட்டி வெக்கிறதோட சரி, ஒருத்தர்கூட புகார் அனுப்பினதில்ல, நானும் சேர்த்து.

டாக்டர் அடிச்ச அந்த நாலு போனும் இன்னும் என் போன்ல மிஸ்டு கால்ல இருக்கு. 4:21, 4:24, 4:30, 4:38. அழிக்கல.

அந்த செட்டிங்கை அன்னைக்கே எடுத்துட்டேன். இப்ப மறுபடி எல்லா போனும் மணி அடிக்குது. நேத்து சாயங்காலம் கறவை நேரத்துல ஒண்ணு வந்துச்சு, லோன் வேணுமா சார்னு ஒரு சின்னப் பொண்ணு குரல். "வேணாம்மா, டி.என்.டி. போட்டிருக்கேன், உங்க லிஸ்ட்ல இருந்து எடுக்கச் சொல்லும்மா"ன்னு சத்தம் போடாமச் சொல்லிட்டு, கையைத் துடைச்சிக்கிட்டு அந்த நம்பரையும் தேதியையும் 1909க்கு அனுப்பினேன். புகார் நம்பர் வந்திருக்கு. டீக்கடையில மத்த நாலு பேருக்கும் எப்படி அனுப்பறதுன்னு காலையில காட்டிக் குடுத்தேன். ஒருத்தர் கண்ணாடி கொண்டுவரல, நாளைக்குப் பண்றேன்னாரு.