இருட்டைத் திருப்பிக் கொடுங்கள்

அக்டோபர் பிறந்தால் போதும், எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் பூசணிக்காய்ப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். திருமுல்லைவாயிலில் ஹாலோவீன்! 31ஆம் தேதி பிள்ளைகளுக்கு மாறுவேடம், பெரியவர்களுக்குப் பேய்ப்பட இரவு. போன வருடப் பட்டியலின் முதல் பாதி ‘கான்ஜுரிங்’ வகையறா, பயப்படுவதற்கு. இரண்டாம் பாதிக்குப் பெயர் நாஸ்டால்ஜியா: ‘யார்?’ (1985), ‘மை டியர் லிசா’ (1987), ‘13-ஆம் நம்பர் வீடு’ (1990), ‘வா அருகில் வா’ (1991). கீழே ஒரு குறிப்பு: “இதெல்லாம் செம காமெடியா இருக்கும், வாங்க சேர்ந்து சிரிக்கலாம்.”

என் சண்டை இந்தக் குறிப்போடுதான். பூசணிக்காயோடு எனக்கு ஒரு தகராறும் கிடையாது.

சொல்லப்போனால் தேதிகூடச் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. நமக்கு இலையுதிர்காலம் இல்லையே தவிர, அக்டோபர் 31 ஐப்பசியின் நடுவில் வருகிறது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கொடுத்த பெரும்பொழுது கூதிர், சிறுபொழுது யாமம். அது காதலுக்குச் சொன்னதப்பா என்று தமிழாசிரியர்கள் வருவார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் மழைக்குளிரையும் நள்ளிரவையும் முடிச்சுப்போட நமக்கு யாரும் கடல் கடந்து வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதே நூலின் மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. முதலில் நிற்பது அணங்கு. நகைக்கும் நான்கு இடங்கள் உண்டு. அதில் முதலாவது எள்ளல். அணங்குக்காக எடுத்த படத்தை எள்ளலுக்குப் பயன்படுத்துவதைத்தான் நாம் நாஸ்டால்ஜியா என்கிறோம்.

‘வா அருகில் வா’வை எடுத்துக்கொள்வோம். கலைவாணன் கண்ணதாசன் இயக்கிய படம். ராஜா, ரம்யா கிருஷ்ணன். பொம்மை ஒன்று கொலை செய்கிறது. உடனே எல்லோரும் சொல்வது, “1988ல வந்த ‘சைல்ட்ஸ் ப்ளே’ காப்பிங்க.” பொம்மை அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் பொம்மைக்குள் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்கப் பொம்மைக்குள் இருப்பவன் ஒரு தொடர் கொலைகாரன். நம் பொம்மைக்குள் இருப்பவள் புகுந்த வீட்டில் கொல்லப்பட்ட மருமகள். வரதட்சணை மரணம் என்று தனியாக 304பி பிரிவு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தது 1986இல். ஸ்டவ் வெடித்துச் செத்த மருமகள்களின் செய்தியைத் தினத்தந்தியில் படித்த குடும்பங்கள்தான் ஐந்து வருடம் கழித்து இந்தப் படத்தைப் பார்த்தன. அந்த வீடுகளில் மாமியார்கள் எந்தக் காட்சியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்கள் என்று உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். இதை முப்பது நொடி ரீல்ஸாக வெட்டி, பின்னால் சிரிப்புச் சத்தம் போட்டு ஓட்டுகிறோம்.

“கிராபிக்ஸ் கேவலமா இருக்கே, சிரிக்காம என்ன பண்றது?” என்று கேட்பார்கள். சில படங்களில் ஒப்பனையும் தந்திரக் காட்சிகளும் மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சிரிப்பது எதைப் பார்த்து? நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுபவன். இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் பேச அனுமதியுங்கள். வீடியோவைச் சுருக்கும் கோடெக் செய்யும் வேலை, கண் கவனிக்காது என்று கணக்குப் போட்டு மெல்லிய வித்தியாசங்களைத் தூக்கி எறிவது. வழக்கமான எட்டு பிட் வீடியோவில் கறுப்பிலிருந்து வெளுப்புவரை மொத்தமே 256 படிகளுக்குள்தான். அதில் இருட்டின் பங்கு சொற்பம். பிட்ரேட் குறைந்தால் முதல் பலி அந்த இருட்டுதான். ஃபிலிமிலிருந்து டேப்புக்கு, டேப்பிலிருந்து விசிடிக்கு, விசிடியிலிருந்து யூடியூபுக்கு என்று வந்த படத்தில், மாடிப்படியின் இருண்ட மூலை சதுரம் சதுரமாகச் சிதறிக் கிடக்கும். மூலையில் லோகோ, கீழே ஓடும் விளம்பரம் வேறு. ஒரு குடும்பப் படம் இதையெல்லாம் தாங்கும், ஏனென்றால் அது பகல் வெளிச்சத்தில் அழுகிறது. பேய்ப்படத்துக்கு இருட்டுதான் கதாநாயகன். அவனை அழித்துவிட்டு, மிச்சம் இருக்கும் வெள்ளைப் புடவையைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

மீட்டெடுப்பு என்றால் தமிழ்நாட்டில் உடனே நினைவுக்கு வருவது 2012இல் திரும்ப வந்த ‘கர்ணன்’. 2015இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. வரட்டும், வேண்டும்தான். ஆனால் ஒரு சமூகம் எதைக் கும்பிட்டது என்பதற்கு மட்டும் நல்ல பிரதி இருந்தால் போதுமா? எதற்குப் பயந்தது என்பதற்கும் பிரதி வேண்டாமா?

இன்னொரு வாதம் பெற்றோரிடமிருந்து வரும்: பிள்ளைகளை எதுக்குங்க பயமுறுத்தணும், காமெடிப் பேய் போதுமே. ‘காஞ்சனா’ (2011) மாதிரிப் படங்களை நான் ஒதுக்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவிலும் நிலத்தைப் பறிகொடுத்துக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கையின் வழக்கு இருக்கிறது. ஆனால் பயமே இல்லாத வீட்டில் எந்தப் பிள்ளை வளர்கிறது? 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர். கரண்ட் இல்லாத இரவில், படிக்கட்டில் எத்தனையாவது படிவரை தண்ணீர் ஏறியிருக்கிறது என்று செல்போன் வெளிச்சத்தில் எண்ணிய பிள்ளைகள் இவர்கள். அவர்களிடம் போய் பயம் என்றால் காமெடி என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

அறிவழகனின் ‘ஈரம்’ (2009) வெள்ளத்துக்கு ஆறு வருடம் முந்தையது. சந்தேகப்பட்ட கணவனால் கொல்லப்பட்டவள் தண்ணீர் வழியாகத் திரும்புகிறாள். அதில் கதவிடுக்கில் நீர் கசிந்து வரும்போது, 2015க்குப் பிறகு பூந்தமல்லியில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது சினிமாத் தந்திரமாக மட்டும் தெரியாது. இப்படி ஒரு பயத்தைப் பாட்டியும் பேத்தியும் ஒரே பாயில் உட்கார்ந்து, கதை முடியும் என்று தெரிந்துகொண்டே அனுபவிக்கலாம். வீட்டில் படம் பார்ப்பதன் லாபமே அதுதான்.

ஆகவே இந்த ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு ராத்திரி, ஒரு படம் போதும். முழுசாக. ஒன்றேகால் மடங்கு வேகத்தில் ஓட்டாமல், விளக்கை அணைத்து, செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு. சிரிப்பு வந்தால் சிரியுங்கள், ஆனால் சிரிப்பதற்கென்றே போய் உட்காராதீர்கள்.

உரிமை வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. நெகட்டிவ் எங்காவது தகர டப்பாவில் மிச்சம் இருந்தால், வினிகர் வாடை அடித்துப் பாழாவதற்குள் ஒழுங்காக ஸ்கேன் செய்யுங்கள். அந்த ஏஐ மெருகெல்லாம் வேண்டாம். அது பேய்க்கும் முகத்துக்குக் கிரீம் பூசிவிடுகிறது. இருட்டை இருட்டாகக் கொடுங்கள், போதும்.