மொட்டைச் சுவர்கள் அப்படியே இருக்கட்டும்!

லீவுக்கு அப்பாவோடு மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டிலுள்ள ஆன்டிகுவாவுக்குப் போயிருந்தேன். முதல் நாள் ஒரே ஏமாற்றம். தூரத்தில் எரிமலை, தெருவெல்லாம் கருங்கல், எங்கு பார்த்தாலும் கூரையில்லாத தேவாலயங்கள்! “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று முணுமுணுத்தேன்.

மறுநாள்தான் விஷயம் புரிந்தது. 1773-ல் நிலநடுக்கம் ஊரை இடித்துப் போட்டது. 1776-ல் ஸ்பெயின் அரசு தலைநகரையே வேறிடத்துக்கு மாற்றியது. மக்களையும் கிளம்பச் சொன்னது. சிலர் போகவில்லை. அவர்களால்தான் ஊர் பிழைத்தது. 1979-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

“திருப்பிக் கட்டியிருக்கலாமே” என்கிறார் அப்பா. கட்டவே கூடாது என்பது என் கருத்து. கட்டிவிட்டால், எதைத் தாங்கிக்கொண்டு அவர்கள் அங்கேயே இருந்தார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்?