கத்திரிக்கு வெளியே ஒரு நாள்

கோடை எப்படி இருக்கும் என்று மூன்று மாதம் முன்னதாகச் சொல்வது மக்களை ஏய்க்கும் வேலை என்று மயிலாப்பூரில் ஒரு கூட்டத்தில் பேசி, அந்தப் பேச்சையே பதினாறு பக்கப் பிரசுரமாக அச்சடித்துக் கைக்குக் கை கொடுத்துவரும் நண்பருக்கு இந்த எதிர்வினை. ஆளோடு எனக்குப் பகை இல்லை. ஆகவே பெயர் வேண்டாம். பதினாறு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். எதுகையும் மோனையும் குறையாமல் விழுகின்றன. கணக்குதான் விழவில்லை. வெயிலைப் பற்றிப் பேச வந்தவர் எங்கேயும் ஒரு டிகிரி சொல்லவில்லை, மழையைப் பற்றிப் பேச வந்தவர் எங்கேயும் ஒரு மில்லிமீட்டர் சொல்லவில்லை என்றால், அவர் வாசகனை என்னவென்று நினைத்திருக்கிறார்?

அவர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் 2025. அதை மறைக்க எனக்கு அவசியம் இல்லை. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் பெரும்பகுதியில் இயல்பை மிஞ்சிய வெயில் அடிக்க வாய்ப்பு என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை மார்ச் இறுதியில் அறிவித்தது. மே மாதத்தில் நடந்தது வேறு. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை மே 24 அன்றே இறங்கியது. 2009க்குப் பிறகு அவ்வளவு சீக்கிரம் அது வந்ததில்லை. நாடு முழுக்க எடுத்துக்கொண்டால், 1901 தொடங்கி இருக்கும் பதிவுகளில் அதுதான் மிக அதிகம் மழை பெய்த மே. கணிப்பு மே மாதத்தில் தவறியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஒரு தவறிலிருந்து நண்பர் பறந்து போய் இறங்கும் முடிவைப் பாருங்கள்: "ஆகவே எல்லாம் பொய்." வாய்ப்பு என்ற சொல்லுக்கு அவருடைய அகராதியில் பொருளே கிடையாதா? இயல்பை மிஞ்சும், இயல்பாக இருக்கும், இயல்புக்குக் குறையும் என்று மூன்று கூறாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எத்தனை என்று சொல்வதுதான் பருவக் கணிப்பு. நூற்றுக்கு அறுபது என்று சொன்னவர், பத்து ஆண்டில் நான்கு ஆண்டு நான் சொன்னபடி நடக்காது என்று சேர்த்தேதான் சொல்கிறார். அந்த நான்கு ஆண்டும் தப்பாமல் பலித்துவிட்டால்தான் அவர் கணக்கில் கோளாறு என்று பொருள். இந்த அறுபதை நூறாக்கிக் கொட்டை எழுத்தில் போடும் செய்தித்தாளின் பாவத்தையும் தூக்கிக் கணித்தவன் தலையில் வைத்துவிட்டு வெற்றி கொண்டாடுவது என்ன நேர்மை? அதே 2025இல், ஏப்ரலில் சொன்ன தென்மேற்குப் பருவமழைக் கணிப்பு நெடுங்காலச் சராசரியில் 105 விழுக்காடு, பெய்தது 108. அதற்கு முந்தைய ஆண்டு சொன்னது 106, பெய்தது 108. இவை பதினாறு பக்கத்தில் எங்கேயும் இல்லை. தோற்ற பந்தை மட்டும் எண்ணுகிறவர் ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

"நாளைக்கு அடையாறில் மழை வருமா என்று சொல்லத் தெரியாதவன் மூன்று மாதம் தாண்டிச் சொல்வானா?" கூட்டத்தில் அதிகம் கைதட்டல் வாங்கிய வரி இதுதான் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பங்குனியில் அறுபத்து மூவர் விழாவன்று மூன்று மணி பத்து நிமிடத்துக்குத் தெற்கு மாட வீதி முனையில் யார் நிற்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நான்கு மாட வீதியிலும் கால் வைக்க இடம் இருக்காது என்பதைத் தை மாதமே சொல்லலாம். இதுவும் ஏமாற்றா? ஒரு நாளின் வானிலை, தொடக்கத்தில் இருக்கும் சிறு பிழை பெருகிப் பெருகி இரண்டு வாரத்துக்கு மேல் கணிப்புக்கு அடங்காது என்பதை 1960களில் எட்வர்ட் லாரென்ஸ் காட்டிவிட்டார். ஒரு பருவத்தின் சராசரி அப்படிப்பட்டது இல்லை, வெப்ப மண்டலத்தில் அதை மெதுவாக மாறும் கடல் வெப்பமும் தரையின் ஈரமும் பிடித்து வைத்திருக்கின்றன என்று 1981இல் சார்னியும் நம் நாட்டில் பிறந்த ஜே. சுக்லாவும் எழுதினார்கள். நாளைய மழையும் வரும் பருவமும் இரண்டு வேறு கேள்விகள். ஒன்றுக்குத் தெரியாத விடையை வைத்து மற்றதை அடிப்பது, அந்த வேறுபாடு தெரியாததாலா, தெரிந்தே செய்வதா?

இப்போது கத்திரி என்கிற அக்னி நட்சத்திரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நண்பரின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஐந்தாம் பக்கத்தில் "பருவத்தை முன்கூட்டி அறிய மனித மூளையால் ஆகாது" என்கிறார். பதினொன்றாம் பக்கத்தில், அதே மனித மூளை கணித்த பஞ்சாங்கம் அக்னி நட்சத்திரத்தைத் தேதி தப்பாமல் சொல்கிறது, நுங்கம்பாக்கத்து வானிலை மையத்துக்காரர்கள் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்கிறார். சரி, நுங்கம்பாக்கத்துக்கே போவோம். சென்னையில் பதிவான மிக உயர்ந்த வெப்பம் 45 டிகிரி. நாள், 2003 மே 31. கத்திரி ஆண்டுதோறும் மே 4 வாக்கில் தொடங்கி 28, 29 வாக்கில் முடிந்துவிடும். இந்த நகரத்தின் மிகக் கொடிய பகல் கத்திரிக்கு வெளியே வந்தது. அதே வெயிலில் ஆந்திரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பஞ்சாங்கத்தின் கணிதத்தை நான் குறை சொல்லவில்லை; சூரியன் பரணியின் பிற்பகுதியிலிருந்து கார்த்திகையைக் கடந்து ரோகிணிக்குள் போகும் நாட்களை அது மிகச் சரியாகவே சொல்கிறது. அது சொல்வது சூரியன் இருக்கும் இடத்தை. வெயிலின் அளவை நண்பர்தான் அதன் வாயில் திணிக்கிறார். விண்மீனை வைத்து எண்ணும் ஆண்டு பருவத்தை வைத்து எண்ணும் ஆண்டைவிட இருபது நிமிடம் நீளம். ஏறக்குறைய 71 ஆண்டுக்கு ஒரு நாள் நழுவும். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் கத்திரி பருவக் கணக்கில் இரண்டு வாரம் முந்தி வந்தது. எந்தத் தேதி தப்பாது என்று இவர் மேடையில் அடித்துப் பேசுகிறாரோ, அந்தத் தேதியே நகர்ந்துகொண்டிருக்கிறது.

சென்னையின் வெயிலைத் தீர்மானிப்பது எது என்று தெரிய நண்பர் நூலகம் போக வேண்டாம். கச்சேரி ரோட்டுப் பக்கம் ஒரு மரத்தடியில் இஸ்திரி வண்டி நிற்கிறது. வண்டிக்கு மேலே கட்டியிருக்கும் பழைய வேட்டி காலை முழுக்கக் கடலைப் பார்த்து உப்பியிருக்கும். பன்னிரண்டு மணிக்கு முன்பின் ஒரு கணம் தொங்கும். பிறகு திரும்பி மேற்கே உப்பும். "காத்து திரும்பிடுச்சு சார்" என்பார் அவர், பெட்டியில் கரியைத் தட்டிக்கொண்டே. திரும்பாத நாளில் இரண்டு மணிக்கெல்லாம் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்; அன்றைய கூலி போச்சு. வங்கக் கடலில் ஒரு புயல் நம்மைத் தொடாமல் வடக்கே போனால் மேற்கிலிருந்து தரைக்காற்று இழுபட்டு இப்படித்தான் ஆகும். 2019இல் ஃபானி புயல் இந்தப் பக்கம் வரும் என்று எதிர்பார்த்திருக்க, அது திரும்பி மே 3 அன்று புரியில் கரையேறியது. எந்தப் புயல் எந்த நாளில் எந்தப் பக்கம் போகும் என்பதைப் பருவக் கணிப்பு சொல்லாது, சொல்வதாக அது பெருமை அடித்துக்கொள்ளவும் இல்லை. அது நாட்டைப் பிரித்துப் பார்க்கும் கட்டம் ஒன்றின் பக்கம் ஏறத்தாழ 38 கிலோமீட்டர். மெரினாவும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும் அதற்கு ஒன்றுதான். லஸ் முனைக்கும் தி.நகருக்கும் தனித்தனியாகச் சொல்லவில்லையே என்று அதனிடம் கோபித்துக்கொள்வது, ஊர் வரைபடத்தில் தன் வீட்டுத் திண்ணை இல்லை என்று கோபித்துக்கொள்வது.

பருவக் கணிப்பே மேனாட்டு விளையாட்டு என்றும் நண்பர் சொல்கிறார். நண்பருக்குத் தாது வருஷப் பஞ்சம் நினைவிருக்கிறதா? 1876இலும் அடுத்த ஆண்டும் மழை பொய்த்துச் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் மக்கள் மாண்ட பிறகுதான், அடுத்த மழையை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று அரசு வானிலைத் துறைத் தலைவர் ப்ளான்ஃபோர்டைக் கேட்டது. இமயத்துப் பனியை அளந்து அவர் 1886இல் முறையான முதல் பருவக் கணிப்பை வெளியிட்டார். இந்தக் கலை பிறந்தது நம் பிணங்களின் மேல். மார்கழியில் சூரியன் பூராடத்தில் நிற்கும் நாட்களில் மேகம் பார்த்து அடுத்த ஆண்டு மழையைச் சொன்ன கர்ப்போட்டக் கணக்கையும் நான் மதிக்கிறேன். அந்த உழவனும் வானத்தைப் பார்த்துத்தான் சொன்னான். வேறுபாடு பிறகு வருகிறது. 2002இல் பருவமழை 101 விழுக்காடு என்று கணித்தார்கள், பெய்தது 81. பதினாறு காரணிகளைக் கோத்துப் பதினான்கு ஆண்டு நம்பியிருந்த சூத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு செய்தார்கள். சித்திரை முதல் நாள் கோயிலில் வாசிக்கும் பஞ்சாங்கத்தில் இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை என்று வருகிறதே, பெய்த பிறகு எந்தப் பங்குனியிலாவது யாராவது அளந்து பார்த்து, மரக்கால் கணக்கைத் திருத்தினார்களா?

வெப்பக் கணிப்பெல்லாம் ஏசி விற்கிறவனுக்காக என்ற குற்றச்சாட்டுக்கு ஒரு பத்தி போதும். ஏசி வாங்கப் பணம் உள்ளவனுக்குக் கணிப்பு தேவையில்லை, வியர்த்தால் வாங்குவான். 2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. சாகுமுன் பந்தல் போடவும், வேலை நேரத்தை மாற்றவும், மருத்துவமனையில் உப்புநீர் சேர்த்து வைக்கவும் முன்தகவல் வேண்டும். அது யாருக்கு? கோயில் வாசலில் பூ கட்டுகிறவளுக்கு, ரங்கநாதன் தெருவில் தட்டுக்கடை போட்டவனுக்கு, கச்சேரி ரோட்டு இஸ்திரி வண்டிக்காரருக்கு. நண்பரின் பதினாறு பக்கத்தில் இவர்களில் ஒருவர்கூட இல்லை. நிழலில் உட்கார்ந்து எழுதியவருக்கு முன்னெச்சரிக்கை மிகை என்று தோன்றுவதில் எனக்கு வியப்பில்லை.

பதினான்காம் பக்கத்தில்தான் அவர் முற்றாக மாட்டிக்கொள்கிறார். "2019இல் சென்னை தாகத்தில் தவித்ததே, ஒருவராவது முன்கூட்டிச் சொன்னார்களா?" என்று கேட்கிறார். சொன்னார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் சேர்ந்து 11,257 மில்லியன் கனஅடி கொள்ளும். 2018 வடகிழக்குப் பருவமழை பொய்த்தது டிசம்பரிலேயே எல்லாருக்கும் தெரியும். நான்கு ஏரியின் இருப்பும் அன்றாடம் வெளியாகிற எண். இந்த நகரத்தில் கோடைக்கு அதைவிட நம்பகமான நெடுங்கணிப்பு எது? ஜனவரி முதல் தேதி அந்த நான்கு எண்ணைக் கூட்டத் தெரிந்தவனுக்கு ஜூன் மாதம் தெரிந்துபோகும். கூட்ட மனமில்லாமல் ஆறு மாதம் கழித்தோம். ஜூனில் ஏரிகள் தரையைக் காட்டின. லாரிக்காகத் தெருவில் நெகிழிக் குடங்கள் விடியும் முன்பே வரிசையில் நின்றன. உணவகங்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்தது. முன்கூட்டிச் சொல்வதே மோசடி என்று ஐந்தாம் பக்கத்தில் தீர்ப்பு எழுதியவருக்கு, ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று பதினான்காம் பக்கத்தில் கேட்க எங்கிருந்து உரிமை வந்தது? சொன்னால் ஏமாற்று, சொல்லாவிட்டால் துரோகம் என்று இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டால், நாற்காலியில் இருப்பவன் எதையும் படிக்க வேண்டாம், எதற்கும் ஏற்பாடு செய்ய வேண்டாம், பிறகு வானத்தைக் கைகாட்டிவிடலாம். நண்பர் எண்ணி எழுதினாரோ எண்ணாமல் எழுதினாரோ, அவர் பிரசுரத்தால் ஆதாயம் அடைகிறவர்கள் அவர்கள்தான்.

இரண்டாம் பதிப்பு வரப்போகிறதாம். அதற்குள் ஐந்தாம் பக்கத்தையோ பதினான்காம் பக்கத்தையோ அவர் கிழித்தெடுக்க வேண்டும். இரண்டும் ஒரே அட்டைக்குள் இருக்க முடியாது.