எவ்வளவு முறுக்கலாம்?

செவ்வாப்பேட்டை முதல் கும்மிடிப்பூண்டி வரையுள்ள தொழிற்பேட்டைகளில் ஷிப்ட் முடிந்து திரும்பும் இளைஞர்களில் சிலர், பழைய புல்லட்டை வாங்கி, கார்புரேட்டரையும் சைலன்ஸரையும் மாற்றிவிட்டு, உள்ளிருக்கும் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் மட்டும் கம்பெனி கொடுத்தபடியே வைத்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரைக் கடைசிவரை முறுக்கிப் பார்க்கிற மோகத்தை, சோழவரம் விமானத்தளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தை அறிந்த எவரும் நிந்திக்கமாட்டார்.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே! திருவொற்றியூரில் உருவான அந்தப் பழைய 350 சி.சி. எஞ்சினின் ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். நிமிஷத்துக்கு 5,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 15 மீட்டர். 6,500 சுற்றில் 19.5 மீட்டர். சுற்று 30 சதவிகிதம் ஏறுகையில், ராடைப் பிடித்திழுக்கும் விசையோ, வேகத்தின் வர்க்கத்தை அனுசரிப்பதால், ஏறத்தாழ 70 சதவிகிதம் ஏறிவிடுகிறது. வால்வு ஸ்பிரிங்கும் ஒரு கட்டத்துக்கு மேல் கேமைப் பின்தொடர இயலாமல் தத்தளிக்கும். ராடு அறுந்தாலோ, கிராங்க்கேஸையே பிளந்துகொண்டு வெளியே வரும்.

உள்பாகங்களை மாற்றாத புல்லட்டை 5,500 சுற்றுக்கு மேல் விரட்டுவது விவேகமன்று என்பது என் அபிப்பிராயம். அதற்கப்பால் சக்தி கூடுவதும் சொற்பமே. வண்டியை மாற்றித் தரும் மெக்கானிக், ஒரு டாக்கோமீட்டரையும் பொருத்தி, அதில் சிவப்புக் கோடிட்டுத் தருவதை நியதியாகக் கொள்ளவேண்டும். காதால் கேட்டே சுற்றைச் சொல்லிவிடுவோம் என்பார்கள். அந்தப் புது சைலன்ஸரின் இரைச்சலில் எந்தக் காதுக்கு என்ன கேட்கும்? இன்னும் வேகம் வேண்டுவோர், முதலில் ராடுக்கும் ஸ்பிரிங்குக்கும் செலவழித்துவிட்டு, பிறகு இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதைக்குப் போகட்டும்.